ட்ராக்கில் கத்தி வைக்கப் போகிறீர்களா? உஷார்!

கையில் இருக்கும் கத்தியைக் கீழே வையுங்கள். இதைப் படித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களுக்கும், அதில் வீட்டுப் பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டு ஜன்னலோரம் காத்திருப்பவர்களுக்கும் இது. பனி சரியாக விழாத குளிர்காலங்களில் ஒரு கைவைத்தியம் வாய்வழியாகப் பரவுகிறது. ஸ்லைடர் சீக்கிரம் தேய்ந்துபோகிறதா? ட்ராக்கில் கூடுதலாக ஓட்டை வெட்டு, பனி உள்ளே வரும், தேய்மானம் நின்றுவிடும் என்கிறார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. செலவே இல்லை.

செலவு பின்னால் வரும். மொத்தமாக வரும்.

இந்த வண்டி நம் பிள்ளைகள் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். கனடா அரசு 2019-ல் கொண்டுவந்த வடபகுதிக் குடியேற்றத் திட்டத்தில் ஒன்டாரியோ மாகாணத்துச் சட்பரி, தண்டர் பே, டிம்மின்ஸ், நார்த் பே எல்லாம் இருந்தன. நம் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். படிக்க ஒருத்தன், சுரங்க வேலைக்கு ஒருத்தன், ஆஸ்பத்திரி வேலைக்கு ஒருத்தி. முதல் குளிர்காலத்தில் வெளியே தலை காட்டவே பயப்படுவார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் யாரோ விற்கிற பழைய ஸ்னோமொபைல் வாசலில் வந்து நிற்கும். ஊரில் புல்லட்டைப் பிரித்து மேய்ந்த கை, சும்மா இருக்குமா?

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்தே. முன்னால் இரண்டு ஸ்கீ. பின்னால் தரையில் உருளும் சக்கரம் கிடையாது. சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு அகலமான ரப்பர் பட்டை. அதுதான் ட்ராக். அந்த ட்ராக்குக்கு உள்ளே இரண்டு அலுமினிய ரெயில்கள். ஒவ்வொரு ரெயிலின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருக்கும். அதைத்தான் ஸ்லைடர் என்கிறோம். ஹைஃபாக்ஸ் என்றும் கடைக்காரர் சொல்வார். ட்ராக்கில் வரிசையாகக் கண்கள், அதாவது ஓட்டைகள், வெட்டியிருக்கும், ஓரங்களில் இரும்புக் கிளிப் அடித்திருக்கும். வண்டி ஓடும்போது அந்தக் கிளிப்புகள் ஸ்லைடரின் மேல் உரசிக்கொண்டேதான் ஓடும். இந்த உரசலுக்கு எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. கண்கள் வழியாக உள்ளே வரும் பனிதான் வழுக்கலும் கொடுக்கிறது, சூட்டையும் தணிக்கிறது.

புதுப்பனி இருக்கிறவரை ஒரு கவலையும் இல்லை. இறுகிப்போன பாதையிலோ, வெறும் ஐஸ் ஏரியிலோ, பாதி மண் தெரிகிற சாலை ஓரத்திலோ ஓட்டினால் உள்ளே எதுவும் வராது. ஸ்லைடர் பாலிஎதிலீன் வகைப் பிளாஸ்டிக். சுமார் 130 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உருகும். வெளியே மைனஸ் இருபது இருந்தாலும் உள்ளே உரசுகிற இடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி தளரும். அடுத்தது, கிளிப் நேராக அலுமினியத்தை அறுக்க ஆரம்பிக்கும்.

ஆக, தேய்கிறதே என்ற கவலை பொய் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்லைடர் தேய்வதற்காகவே செய்த பொருள்.

வண்டியிலேயே மலிவான சாமான்களில் அது ஒன்று. விலை உயர்ந்த ட்ராக்கும் ரெயிலும் பிழைக்கவேண்டும் என்பதற்காக அது தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. செருப்பு தேய்கிறதே என்று யாராவது பாதத்தைச் செதுக்குவார்களா? ட்ராக்கை வெட்டுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஊர் சிறியது, அவனும் இப்போதுதான் தேறி வருகிறான்.

சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கிற பையன். கைத்திறமைக்குக் குறைவே இல்லை. பழைய வண்டி ஒன்றை வாங்கினான். அந்த டிசம்பரில் பனி ஏமாற்றிவிட்டது. பாதையெல்லாம் இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. ஸ்லைடர் ஒரு ஜோடி போயிற்று. மாற்றினான். அதுவும் உருகிற்று. அவனுடைய ட்ராக்கில் ஒரு கண் திறந்திருந்தால் அடுத்த இடம் மூடியிருக்கும். சில மாடல்கள் அப்படித்தான் வரும். "அக்கா, ஸ்லைடர் விக்கிறதுக்காகவே கம்பெனிக்காரன் பாதியை மூடி வச்சிருக்கான். மூடினதையும் திறந்துவிட்டா பிரச்சனை முடிஞ்சுது" என்றான். யாரோ செய்ததாகச் சொன்னார்களாம். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

சோப்புத் தண்ணீர், கட்டர் கத்தி, ஒரு உளி. கராஜில் உட்கார்ந்து கச்சிதமாக, சதுரம் சதுரமாக வெட்டி முடித்துவிட்டான். பார்த்தால் கம்பெனி வேலை மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு ஸ்லைடர் தேயவே இல்லை! இதுதான் பயங்கரம். வைத்தியம் பலித்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினான். இன்னும் இரண்டு பேர் வெட்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு டக் டக் சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஐஸ் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டான். அந்த வார இறுதியில் உறைந்த ஏரி மேல் நேராக நீண்ட ஒரு இடம். காற்றில்லை, எதிரே யாருமில்லை. வேகத்தைக் கூட்டினான். பின்னால் நண்பன் இன்னொரு வண்டியில். வெட்டிய கண்ணின் மூலையிலிருந்து ஒரு கிழிசல் அடுத்த கண்வரை ஓடியிருக்கிறது. ஓரம் மடங்கி மேலே ஏறி, வண்டிக்கு அடியில் இருக்கும் டனலுக்குள் சிக்கிக்கொண்டது. ட்ராக் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி குறுக்கே திரும்பி அவனைத் தூக்கி எறிந்தது.

காறை எலும்பு முறிந்தது. பிய்ந்துபோன கிளிப் ஒன்று டனலில் இருந்த, என்ஜின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் குத்திக் கிழித்து, கூலன்ட் முழுவதும் ஐஸில் கொட்டிவிட்டது. ரப்பர்த் துண்டு ஒன்று பறந்து பின்னால் வந்தவனின் ஹெல்மெட் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். ஏற்றிவிட்டிருந்தால்? நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. குளிரில் போன் செத்துவிட்டது. உதவி வந்து சேர்வதற்குள் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின.

மிச்சம் பிடித்தது ஒரு ஜோடி ஸ்லைடர்.

ஏன் இப்படி ஆயிற்று? ட்ராக் வெறும் ரப்பர் இல்லை. நீளவாக்கில் உள்ளே இழைகள் புதைந்திருக்கின்றன. இழுவை முழுவதையும் தாங்குவது அவைதான். குறுக்கே கண்ணாடியிழைக் குச்சிகள் இருக்கின்றன. பட்டை மடங்காமல் நிமிர்ந்து நிற்பது அவற்றால். இவை எங்கே ஓடுகின்றன என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கத்தி இழையைத் தொட்டதா இல்லையா என்பது வெட்டியவருக்கே தெரியாது. இழை அறுந்த இடத்தில் ஈரம் இறங்கும். இறங்கிய ஈரம் ராத்திரி உறையும், விரியும், ரப்பரை இழையிலிருந்து பிரிக்கும். போதாததற்குச் சதுர மூலை! கம்பெனி வெட்டிய கண்களை உற்றுப் பாருங்கள், மூலைகள் வளைந்திருக்கும். கூரான மூலையில் இழுவை ஒரே புள்ளியில் போய்க் குவியும். கிழிசல் அங்கேதான் பிறக்கும்.

எல்லாக் கண்ணும் திறந்த ட்ராக்கைக் கம்பெனியே விற்கிறதே என்று கேட்பீர்கள். விற்கிறது. அது அப்படியே வடிவமைத்து வார்த்தது. அந்த ட்ராக் வேண்டுமானால் அதையே வாங்குங்கள். வெட்டிவிட்டுப் பல சீசன் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கத்தி எங்கே பட்டது, உங்கள் கத்தி எங்கே படும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு சின்னக் கணக்கு. 121 அங்குல ட்ராக் என்பது ஏறக்குறைய மூன்று மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது ஒரு விநாடிக்கு ஒன்பது தடவை சுற்றுகிறது. நீங்கள் வெட்டிய ஒவ்வொரு மூலையும் விநாடிக்கு ஒன்பது தடவை, ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஏறி, வளைந்து, இறங்கி, ட்ராக்குக்குள் இருக்கும் பின் சக்கரத்தில் மறுபடி வளைகிறது. ஒன்டாரியோ பாதைகளில் சட்டப்படி 50 கி.மீ.தான் என்பீர்கள். சரி, நாலரைத் தடவை. ஏரிக்குள் இறங்கிவிட்டால் யார் 50-ல் போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். காரில் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்னோமொபைலில் பிரேக், ட்ராக்கைச் சுழற்றும் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டு நின்றால் ட்ராக் நிற்கும். ட்ராக் நின்றால் வண்டி நிற்கும்.

ட்ராக் அறுந்து கழன்றுவிட்டால், பிரேக்கும் இல்லை.

லீவரை எவ்வளவு அழுத்தினாலும் தண்டு மட்டும் நிற்கும். வண்டி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போகும். ஸ்கீயில் கொஞ்சம் திருப்பலாம், அவ்வளவே. முன்னால் மரம் இருக்கலாம், உடைந்த ஐஸ் இருக்கலாம், குழந்தையோடு மீன் பிடிக்க உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம் இருக்கலாம். அந்தப் பையனுக்கு ட்ராக் சிக்கிப் பூட்டிக்கொண்டது. அறுந்து பறந்திருந்தால் கதை வேறு.

மெக்கானிக் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வண்டியே கை துறுதுறுத்த ஒருவரால் வந்ததுதான். க்யூபெக் மாகாணத்து வால்கோர்ட்டில், 1922-ல், பதினைந்து வயதில் ஜோசஃப்-அர்மான்ட் பாம்பார்டியே ஒரு பழைய ஃபோர்டு என்ஜினில் விமான விசிறியை மாட்டிப் பனியில் ஓட்டிக் காட்டினார். அவருடைய அப்பா என்ன செய்தார் தெரியுமா? அந்த விசிறியைப் பார்த்து நடுங்கிப்போய், உடனே பிரித்துப் போடு என்றார். 1934-ல் பாம்பார்டியேயின் இரண்டு வயது மகன் பனி மூடிய பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்தான். 1937-ல் ஸ்ப்ராக்கெட்டும் ட்ராக்கும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் அவருடைய ஸ்கி-டூ ஸ்னோமொபைல் வந்தது. நீங்கள் கத்தி வைப்பது அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட இடத்தில்.

இப்போது அறிகுறிகள். வண்டியை ஓட்டுபவர் கவனிக்காவிட்டால் வீட்டில் இருப்பவர் கவனியுங்கள்.

அடியிலிருந்து ஒரே தாளத்தில் வரும் டக் டக். வேகத்தோடு அது கூடினால் ட்ராக்கில் ஏதோ ஓரிடம் போயிருக்கிறது என்று அர்த்தம். ஐஸ் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தட்டிவிட்டும் சத்தம் நிற்கவில்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

கண்ணின் மூலையில் மயிரிழை அளவு வெடிப்பு. ரப்பருக்குள்ளிருந்து நூல் எட்டிப் பார்க்கிறது. ஒரு கிளிப்பைக் காணோம், அல்லது வளைந்திருக்கிறது. ட்ராக்கின் ஓரம் ஓரிடத்தில் மட்டும் தொய்ந்து தொங்குகிறது. உள்ளே குச்சி முறிந்திருந்தால் அப்படித்தான் தொங்கும். இவற்றில் ஒன்று போதும். அன்றைக்குப் பயணம் கிடையாது.

கருகிய வாடையும், என்ஜின் சூடு விளக்கும் ஒன்றாக வந்தால் அது வேறு செய்தி. தண்ணீரால் குளிரும் வண்டிகளில் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் ட்ராக் வாரியிறைக்கும் பனிதான் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் பனி போதவில்லை என்று வண்டியே சொல்கிறது. குறை ட்ராக்கில் இல்லை. நிறுத்துங்கள். ஓரத்தில் உதிரிப்பனி கிடைத்தால், சட்டப்படி போகலாம் என்றால், அதில் கொஞ்ச தூரம் ஓட்டி உள்ளே பனி ஏற்றுங்கள். பனியே இல்லாத நாளில் வண்டியைக் கராஜிலேயே விடுங்கள். ஒரு வாரம் ஓட்டாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தேய்மானத்துக்கு மருந்து இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஐஸ் ஸ்க்ராட்சர் என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்ப்ரிங் எஃகுக் கம்பி. ரெயிலில் மாட்டினால் ஐஸைச் சுரண்டி உள்ளே தெறிக்க விடும். ட்ராக்கைத் தொடவே வேண்டாம். வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது மடித்துவைக்க மறந்தால் சில வகைகள் வளைந்துபோகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெயிலில் கூடுதலாகச் சின்னச் சக்கரங்கள் போட்டால் ஸ்லைடர் மேல் விழும் பாரம் குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால், ட்ராக் இறுக்கத்தைப் பாருங்கள். அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் ஸ்லைடரைத் தின்றுவிடும். தளர்ந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டில் தாவும். எவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இறங்கவேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக் கணக்கு உங்களுக்கு ஆகாது. ட்ராக் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினாலும் ஒரு ஸ்லைடர் மட்டும் சீக்கிரம் போகும். பாதிப் பேருக்கு வியாதி இதுதான்; வைத்தியம் மட்டும் கத்தி!

ஸ்லைடரில் தேய்மான வரம்பைக் காட்டும் கோடு இருக்கும். கோட்டைத் தொட்டதும் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே. எண்ணெய் தெளிப்பது, கிரீஸ் தடவுவது எல்லாம் வீண். சில நிமிடத்தில் போய்விடும், எண்ணெய் ரப்பருக்கும் கெடுதல்.

கராஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. குளிருக்குப் பயந்து கராஜ் கதவை மூடிக்கொண்டு என்ஜினைப் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலை சுற்றுவது தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் மேலே தூங்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். கதவைத் திறந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ட்ராக் நேராக ஓடுகிறதா என்று பார்க்கப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ஓடவிடுவார்கள். அதற்கென்று இருக்கும் ஸ்டாண்டில் மட்டும் நிறுத்துங்கள். மரக்கட்டை, பெயின்ட் டப்பா எல்லாம் வேண்டவே வேண்டாம். அப்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது. முன்னாலும் கூடாது. ஒரு கல், ஒரு கிளிப் பிய்ந்தால் நேரே உங்கள் மேல்தான் வரும். வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவினால் பாய்ந்துவிடும். குனிந்து பார்க்கிறேன் என்று துப்பட்டாவோடு, நீளமான கம்பளிக் கழுத்துத் துணியோடு கிட்டே போகாதீர்கள். ஓடும் ட்ராக் துணியை இழுத்தால் கை எட்டுவதற்குள் கழுத்து போய்விடும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் சாவியைத் திருப்பவேண்டும்.

பின்னால் தொங்கும் ஸ்னோ ஃபிளாப்பையும் கழற்றிவிடுகிறார்கள், பார்க்க நன்றாக இல்லையாம். ட்ராக்கிலிருந்து தெறிப்பது பின்னால் வருபவரின் முகத்துக்குப் போகாமல் தடுப்பது அதுதான். உடனே திரும்ப மாட்டுங்கள்.

ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதா? உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் அந்த ட்ராக்கில் இனி ஓட்டாதீர்கள். ஒட்டுப்போட்டுச் சரி செய்யவும் முடியாது. பசை ரப்பரைப் பிடிக்கும், அறுந்த இழையைச் சேர்க்காது. மாற்று ட்ராக் செலவாகும்தான். வாரன்டி இருந்தால் வெட்டிய நிமிடமே போயிருக்கும். விபத்து என்று வந்து, வெட்டியது தெரிந்தால், இன்ஷூரன்ஸ்காரரிடம் நீங்கள் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிப் பணத்தை நீட்டிவிடாதீர்கள். என்ஜினை அணைத்து, பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லி, கையால் ட்ராக்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு கண்ணையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூலை வளைவாக இல்லாமல் கூராக இருந்தால், ஓரம் சொரசொரவென்று இருந்தால், ஒன்றுக்கொன்று அளவு மாறினால், யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள். புது ட்ராக்கின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேசவேண்டும். விற்பவர் சிரித்து மழுப்பினால் வண்டியே வேண்டாம்.

விற்கிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. வெட்டிய ட்ராக்கோடு வண்டியை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். கழற்றிவிடுங்கள், ட்ராக் இல்லை என்று சொல்லியே விலை பேசுங்கள். கழற்றியதை அப்படியே குப்பைக்கிடங்கில் போட்டால் யாராவது எடுத்துப் போய் மாட்டுவார்கள். குறுக்கே இரண்டாக அறுத்துவிட்டுப் போடுங்கள். அந்தக் கத்திக்கு அது சரியான வேலை.